நூறு நியூட்டன் போதும்

திருத்தணியிலிருந்து அரக்கோணம் போகும் சாலையில் லேத் பட்டறைகளுக்குக் குறைவில்லை. பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை, எல்லைக்கு அந்தப் பக்கம் நகரி, புத்தூர் என்று சுற்றிலும் விசைத்தறி ஊர்கள். தறிக்கு வேண்டிய புஷ், ஷாஃப்ட், பல்சக்கரம் என்று ஏதாவது ஒன்று எந்நேரமும் கடைசலில் இருக்கும். நான் தேடிப்போன பட்டறைக்கும் பிழைப்பு அதுதான். ஆனால் அதன் பின்கட்டில் ஓர் இரும்பு மேஜைமேல் இறுக்கி வைத்திருந்த பொருளுக்கும் தறிக்கும் சம்பந்தமில்லை. ஒரு சாண் நீளம், பத்து சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைந்த விட்டம், ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே எடை. ரேடியோ கன்ட்ரோல் மாடல் விமானத்துக்கான ஜெட் எஞ்சின். நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்று சுற்றி, 100 நியூட்டன், அதாவது பத்து கிலோவைத் தாங்கிப் பிடிக்கும் அளவுக்கு விசை தரும் நிஜமான டர்பைன்.

அது பட்டறைக்காரருடையதல்ல, அவருடைய குருவுடையது. குரு கடற்படையில் விமான எஞ்சின் பார்த்து ஓய்வுபெற்றவர். அரக்கோணத்தில் 1992 மார்ச்சில் தொடங்கப்பட்ட ஐஎன்எஸ் ராஜாளியில் பல வருடம் இருந்தவர். நான்கு பெரிய டர்போபிராப் எஞ்சின்கள் கொண்ட ரஷ்ய டியு-142 விமானங்கள் 2017 மார்ச்சில் ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தன. அந்த எஞ்சின்களில் கைவைத்தவர், இப்போது உள்ளங்கையில் அடங்கும் சக்கரங்களோடு மல்லுக்கட்டுகிறார். பட்டறைக்காரர் முப்பதைத் தொட்டவர். நடிகர் அஜித் குமார் மாடல் விமானம் ஓட்டுகிறார் என்று கேள்விப்பட்டதும், 2018இல் குரோம்பேட்டை எம்ஐடி மாணவர்களின் தக்ஷா டிரோன் குழுவுக்கு அவர் ஆலோசகரானதும் இவரை இந்தப் பக்கம் இழுத்திருக்கின்றன. பால்சா மரத்தில் ட்ரெய்னர் செய்து பறக்கவிட்டார், பிறகு பேட்டரியில் ஓடும் மின்விசிறி ஜெட். இப்போது முதல் டர்பைன் வாங்கப் பணம் சேர்த்திருக்கிறார். எதை வாங்குவது என்று இருவரும் பேசி முடிவெடுக்கப் போவதைக் கேட்கத்தான் நான் போயிருந்தேன்.

பேச்சு பாதி தமிழ், பாதி தெலுங்கு. 1960 ஏப்ரல் வரை திருத்தணி சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. இரண்டு மொழியும் இங்கே ஒரே திண்ணையில்தான் உட்கார்ந்திருக்கின்றன.

“அண்ணா, 180 எடுத்துட்டா பின்னாடி பெரிய பிளேன் கட்டினாலும் அதையே போட்டுக்கலாம்ல?” என்றார் இளையவர்.

இந்த எஞ்சின்களின் பெயரில் உள்ள எண் பெரும்பாலும் விசையைக் குறிக்கும். ஜெர்மன் ஜெட்கேட்டின் பி100 என்றால் 100 நியூட்டன். கிங்டெக்கின் கே-180 என்றால் ஏறக்குறைய 180 நியூட்டன். எண் ஏற ஏற விலையும் ஏறும், ஆசையும் ஏறும்.

பெரியவர் உடனே பதில் சொல்லவில்லை. தேநீரை முடித்துவிட்டுக் கேட்டார்: “தம்பி, பிளேன் மேல ஏறுறதுக்கா எஞ்சின் வாங்குற? எறங்குறதுக்கு வாங்கு.”

மொத்த விஷயமும் அதில் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். த்ராட்டிலை முழுதாக இறக்கிவிட்டாலும் டர்பைன் சும்மா இருக்காது. ஐடிலிலேயே நிமிடத்துக்கு நாற்பதாயிரம் சுற்று சுற்றிக்கொண்டு, கொஞ்சம் விசையைத் தள்ளிக்கொண்டேயிருக்கும். 100 நியூட்டன் எஞ்சினில் அது சில நூறு கிராம். எஞ்சின் பெரிதானால் அதுவும் பெரிதாகும். ஒன்பது, பத்து கிலோ எடையுள்ள பயிற்சி ஜெட்டில் மிகப் பெரிய எஞ்சினைப் போட்டால், இறங்கும்போது விமானம் வேகம் குறைய மறுக்கும். ஓடுபாதை முடிந்துவிடும், விமானம் இன்னும் மிதந்துகொண்டிருக்கும். அதோடு இன்னொன்று. பெட்ரோல் எஞ்சினிலோ மின் மோட்டாரிலோ ஸ்டிக்கைத் தள்ளியதும் விசை வரும். டர்பைனில் சக்கரம் வேகம் பிடித்து முழு விசைக்கு வர இரண்டு மூன்று விநாடி ஆகும், பழைய எஞ்சினில் இன்னும் அதிகம். தரைக்குப் பக்கத்தில் மூன்று விநாடி என்பது ரொம்ப நேரம். மின்விசிறி ஜெட்டில் பழகிய கை இதை மறந்துவிட்டால், ‘இன்னும் கொஞ்சம் பவர்’ என்று கேட்கும்போது விமானம் வேலியைத் தொட்டிருக்கும். ஆகவே முதல் எஞ்சினோடு கூடப் போக வேண்டியது அகலமான இறக்கை, பெரிய ஃபிளாப், தட்டினாலும் வளையாத லேண்டிங் கியர். போர் விமானம் போன்ற வடிவம் பிறகு வரட்டும். விசையும் எடையும் சரிக்குச் சரி இருந்தால் தாராளம். சற்றுக் குறைந்தாலும் பயிற்சி ஜெட் பத்திரமாகவே எழும்பும்.

பெரியவர் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு துணியைப் பிரித்தார். உள்ளே பழைய எஞ்சின் ஒன்றின் அலுமினிய கம்ப்ரஸர் சக்கரம். விளிம்பில் ஓரிடம் கடிபட்டிருந்தது. சிறு கல் உள்ளே போயிருக்கிறது. இளையவர் அதை வாங்கி விரல் நுனியால் தடவிப் பார்த்தார். நூறில் ஒரு மில்லிமீட்டர் பேசும் கை அது. “இதை லேத்துல ஃபேஸ் பண்ணி பேலன்ஸ் எடுத்திடலாமே அண்ணா,” என்றார்.

பெரியவர் ஒரு காகிதத்தை இழுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினார். நான் வீட்டுக்கு வந்து மறுபடி போட்டுப் பார்த்தேன், சரியாகவே வந்தது. 66 மில்லிமீட்டர் விட்டமுள்ள சக்கரம், நிமிடத்துக்கு 1,17,000 சுற்று. விளிம்பின் வேகம் விநாடிக்கு 400 மீட்டர், ஒலியை விட வேகம். அந்த விளிம்பில் ஒரு பக்கம் மட்டும் பத்தில் ஒரு கிராம் கூடுதலாக இருந்தால், அது பேரிங்கை வெளியே இழுக்கும் விசை சுமார் ஐம்பது கிலோ. அதுவும் விநாடிக்கு கிட்டத்தட்ட 2,000 தடவை திசை சுற்றிச் சுற்றி இழுக்கும். செராமிக் குண்டுகள் போட்ட பேரிங்காக இருந்தாலும் தாங்குமா? இளையவர் சக்கரத்தைத் துணியில் சுற்றித் திருப்பிக் கொடுத்துவிட்டார். வேறெதுவும் பேசவில்லை.

அந்த 66 மில்லிமீட்டர் சக்கரத்துக்கு ஒரு வம்சாவளி உண்டு. 1983இல் இங்கிலாந்தில் ஜெர்ரி ஜாக்மன் குழுவினர் புரொப்பேன் வாயுவில் ஓடும் சிறு ஜெட் எஞ்சினால் மாடல் விமானத்தைப் பறக்கவிட்டார்கள். வீட்டுப் பட்டறையில் செய்யக்கூடிய வடிவத்துக்கு அதைக் கொண்டுவந்தவர் ஜெர்மனியின் கூர்ட் ஷ்ரெக்லிங். அவருடைய எஃப்டி3 எஞ்சினின் கம்ப்ரஸர் சக்கரம் ஒட்டுப்பலகையில் செய்தது, கார்பன் இழை சுற்றிப் பலப்படுத்தியது. டர்பைன் சக்கரத்தைத் துருப்பிடிக்காத எஃகுத் தகட்டிலிருந்து கையால் வெட்டி எடுத்தார். அடுத்து வந்த கேஜே-66 வடிவம் ஒரு சுலப வழியைக் கையாண்டது: வாகன டர்போசார்ஜரில் இருக்கும் கம்ப்ரஸர் சக்கரத்தையே எடுத்துப் போடு. ஜெர்மனியின் கேகேகே நிறுவனத்து டர்போசார்ஜர் சக்கரம்தான் அதற்கு வாகாக அமைந்தது. உலகம் முழுக்க வீட்டுப் பட்டறைக்காரர்கள் அந்த வரைபடத்தை வைத்து எஞ்சின் செய்தார்கள்.

இந்த இடத்தில் எனக்கு மெய்சிலிர்த்தது. அதே கேகேகேயின் தொழில்நுட்பக் கூட்டோடு 1982இல் சென்னையில் தொடங்கியதுதான் டர்போசார்ஜர் செய்யும் டர்போ எனர்ஜி. அதன் ஆலைகளில் ஒன்று இங்கிருந்து அதிக தூரமில்லை, சோளிங்கர் பக்கம் புலிவலத்தில். நம் சாலைகளில் ஓடும் லாரிகளுக்கும் கார்களுக்கும் அதிவேகச் சக்கரங்களைச் சமன்செய்து அனுப்பும் கைகளில் சில இந்த வட்டாரத்துக் கைகள். ‘ஜெட் எஞ்சினெல்லாம் நம்ம ஊர் சமாச்சாரமா’ என்று இனி யாரும் இங்கே கேட்க வேண்டியதில்லை.

மாலையில் எஞ்சினை ஓட்டிக் காட்டினார்கள். எங்கே நிற்பது என்பதுதான் முதல் பாடம். பின்னால் நிற்கக் கூடாது, அங்கே எழுநூறு டிகிரிக் காற்று வரும். டர்பைன் சக்கரத்துக்கு நேர் பக்கவாட்டிலும் கூடாது. சக்கரம் உடைந்தால் துண்டுகள் அந்தத் தளத்தில்தான் பறக்கும். முன்பக்கம், சற்று ஓரமாக, சட்டைப் பையில் எதுவும் தொங்காமல் நிற்க வேண்டும். இளையவர் கையில் கார்பன் டை ஆக்ஸைடு தீயணைப்பான். பவுடர் அடித்தால் தீயும் அணையும், எஞ்சினும் அத்தோடு முடிந்தது என்றார் பெரியவர்.

டிரான்ஸ்மிட்டரில் ஸ்விட்ச் தட்டியதும் ஸ்டார்ட்டர் மோட்டார் மெல்லச் சுழற்றத் தொடங்கியது. பழைய எஞ்சின்களுக்கு இந்தக் கட்டத்தில் கேஸ் குப்பி வேண்டும். இதில் செராமிக் பிளக் சூடாகி, எரிபொருளையே நேரடியாகப் பற்றவைத்தது. ‘பொப்’ என்று ஒரு சத்தம், பிறகு உயர்ந்துகொண்டே போகும் ஊளை. எஞ்சினைக் கட்டுப்படுத்தும் ஈசியுவின் திரையில் வெப்பமும் சுற்றும் ஓடின. ஐடிலில் நின்றதும் பெரியவர் த்ராட்டிலை நிதானமாக ஏற்றினார். இரும்பு மேஜையின் கால்கள் தரையை அழுத்துவது தெரிந்தது. தெருவில் போன ஒருவர் சைக்கிளை நிறுத்தி வானத்தைப் பார்த்தார். ராஜாளி விமானம் என்று நினைத்திருப்பார். அணைத்த பிறகும் வேலை முடியவில்லை. ஸ்டார்ட்டர் மோட்டார் விட்டுவிட்டுச் சுழற்றி உள்ளே காற்றை இழுத்து, சூடு நூறு டிகிரிக்குக் கீழே வரும்வரை குளிர்வித்தது. அந்த வெப்பம் அப்படியே தங்கினால் பேரிங்கைத்தான் கெடுக்கும்.

எரிபொருள் திருத்தணி பங்க்கில் வாங்கிய டீசல். விமான எரிபொருளை யாரும் கேனில் ஊற்றித் தருவதில்லை. இப்போதைய எஞ்சின்களில் பலவும் டீசலை ஏற்கின்றன. புகையும் வாசனையும் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். அதில் நூற்றுக்கு ஐந்து பங்கு டர்பைன் ஆயில் கலக்க வேண்டும். இருபது லிட்டர் கேனுக்கு ஒரு லிட்டர். எஞ்சினுக்குள் தனியாக எண்ணெய்த் தொட்டி கிடையாது. பம்ப் அனுப்பும் எரிபொருளில் ஒரு சிறு பங்கு பேரிங்குகளுக்குத் திரும்புகிறது, மசகு அதுதான். ஆயில் கலக்க மறந்தால் பேரிங் போயிற்று. முழு விசையில் நிமிடத்துக்கு முந்நூறு மில்லிக்கு மேல் குடிக்கும். குழாயில் ஒரு காற்றுக் குமிழி வந்தாலே சுடர் அணைந்துவிடலாம். நடுவானில் அணைந்த ஜெட்டை இறக்குவது அனுபவசாலிக்கே கஷ்டம். குமிழியைப் பிடித்து வைக்கும் சிறு டேங்க் ஒன்றை நடுவில் போடுவதும், அதன் ஒவ்வொரு இணைப்பையும் சோதிப்பதும் எஞ்சின் தேர்வைப் போலவே முக்கியம் என்று பெரியவர் விடாமல் சொன்னார்.

பெட்டியில் அச்சிட்ட எண்ணைப் பற்றி இளையவரே ஒரு நல்ல கேள்வி கேட்டார். அது எந்த ஊர்க் காற்றுக்கு? கடல்மட்டத்தில், 15 டிகிரி வெப்பத்துக்கான அளவு அது. சித்திரை வெயிலில் இங்கே நாற்பதைத் தாண்டும். காற்றின் அடர்த்தி சுமார் எட்டு சதவீதம் குறையும், விசையும் அதற்கேற்ப இறங்கும். 100 என்று எழுதியிருப்பது நமக்கு 90 என்று வைத்துக்கொண்டு விமானத்தின் எடையைத் திட்டமிட வேண்டும். ஐரோப்பியர் எழுதிய ஆலோசனைகளை அப்படியே எடுத்துக்கொள்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. 60 நியூட்டன் எஞ்சின் இவருக்குப் போதாது என்று முடிவானது இந்தக் கணக்கில்தான்.

எங்கே பறக்கவிடுவது? ஏரிப் படுகை விசாலம்தான், ஆனால் மணல். டர்பைன் முன்னால் இருப்பதையெல்லாம் உறிஞ்சும். வலை போட்டாலும் பொடி மணல் உள்ளே போகும், கடிபட்ட அந்தச் சக்கரமே சாட்சி. தார்ப்பாதையோ கான்கிரீட்டோ வேண்டும். 2021 ஆகஸ்டில் வந்த டிரோன் விதிகளில், பொழுதுபோக்குக்காகவும் ஆய்வுக்காகவும் கண்ணுக்கெட்டும் தூரத்துக்குள் ஓட்டும், 25 கிலோவைத் தாண்டாத மாடல்கள் தனி வகை. வான்வெளி வரைபடத்தில் பச்சை மண்டலமாகக் காட்டிய இடத்தில் 400 அடி வரை உயரம். ராஜாளி இருக்கும் வட்டாரத்தில் வரைபடத்தைப் பார்க்காமல் ஒன்றையும் கிளப்பக் கூடாது என்பதில் பெரியவருக்கு விட்டுக்கொடுத்தலே கிடையாது. அந்த ஓடுபாதையில் நின்றவருக்கு அது வெறும் விதியாகத் தெரியாது.

கடைசியில் பேச்சு சர்வீஸில் வந்து நின்றது. எனக்குப் பிடித்த பகுதியும் இதுதான். இந்த எஞ்சின்களைச் சுமார் 25 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை பிரித்து, பேரிங் மாற்றி, மறுபடி சமன்செய்ய வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். எட்டு நிமிடப் பறப்பு என்று வைத்தால் இருநூறு பறப்புக்குக் கிட்டே வரும். பிரித்தால் யார் சேர்ப்பது? எஞ்சினை வெளிநாட்டுக்கு அனுப்பித் திரும்ப வாங்குவதென்றால் கஸ்டம்ஸ் காகிதங்கள், மாதக் கணக்கில் காத்திருப்பு. விலை மலிவு என்பதற்காக, கேட்டால் பதில் சொல்ல ஆளில்லாத எஞ்சினை வாங்குவதைவிட, உதிரிபாகம் கிடைக்கும், பிரித்துப் பார்க்கத் தெரிந்த ஆள் இருக்கும் எஞ்சினைக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்து வாங்குவதே சரி என்பது என் உறுதியான எண்ணம். லட்சத்தைத் தாண்டிய பொருள். அதன் ஆயுளைத் தீர்மானிப்பது விசையல்ல, அதைத் திறக்கும் கை.

இளையவர் கணக்குப் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதினார்: 100 நியூட்டன், கேஸ் இல்லாமல் நேரடியாக ஸ்டார்ட் ஆவது, டீசல் ஏற்பது. அதன் கீழே, விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி: பேரிங் மாற்ற எத்தனை நாள், எங்கே, யார்? 180ஐ அவரே அடித்துவிட்டார்.

“ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி அந்தக் கேள்விக்கு எழுத்துல பதில் வாங்கு,” என்றார் பெரியவர். “அதுவரைக்கும் டேங்க் வேலையைப் பார்க்கலாம். ஞாயித்துக்கிழமை காலையில வரேன், மவுண்ட்டுக்கு அலுமினியம் எடுத்து வை.”