திரும்பி வராத டகோட்டா

கோத்தகிரிக்குப் போகிறவர்கள் தவறாமல் செய்கிற காரியங்கள் மூன்று. வர்க்கி வாங்குவது, "என்ன சார் குளிரு!" என்று கைகளைத் தேய்த்துக்கொள்வது, கொடநாடு வியூ பாயின்ட்டில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வது. அந்த போட்டோவில் நமக்குப் பின்னால் தெரியும் மலையில் ஒரு விமானக் கதை இருக்கிறது.

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி 33 கிலோமீட்டர். ஒரு வளைவில் பக்கத்து சீட்காரர் நம் மடியில். அடுத்த வளைவில் நாம் அவர் மடியில். அங்கிருந்து தேயிலைத் தோட்டங்களின் நடுவே போனால் கொடநாடு. கிடுகிடு பள்ளத்தில் மாயாறு நூல் மாதிரி ஓடுகிறது. எதிரே ரங்கசாமி சிகரம், இருளர்கள் கும்பிடுகிற மலை. பக்கத்திலேயே, யாரோ நட்டுவைத்த மாதிரி சுமார் 400 அடி உயரத்தில் ஒரு பாறைத் தூண். மூடுபனி வந்துவிட்டால் அவ்வளவுதான். சிகரம், தூண், பள்ளம் எல்லாமே அவுட்!

1950 டிசம்பர் 13. பம்பாயிலிருந்து கோவைக்கு வந்துகொண்டிருந்த ஏர் இந்தியா டகோட்டா இந்த மலைப்பக்கம் மோதி நொறுங்கியது. இருந்த 21 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

பீளமேடு விமான நிலையம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,300 அடிதான். வடக்கே நீலகிரியோ திடீரென்று ஆறாயிரம், ஏழாயிரம் அடிக்கு எழும்பி நிற்கிறது. கோத்தகிரியிலிருந்து பீளமேட்டுக்கு நேர்க்கோட்டில் ஐம்பது கிலோமீட்டருக்குள். டகோட்டாவின் வேகத்துக்குப் பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷம்தான் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

இறந்தவர்களில் ஒருவர் ஆபிரகாம் வால்ட். வயது 48. இன்றைய ருமேனியாவில் பிறந்த யூதர். நாஜிகளிடமிருந்து தப்பி 1938-ல் அமெரிக்கா போன புள்ளியியல் மேதை. இந்திய அரசின் அழைப்பில் சொற்பொழிவாற்ற வந்திருந்தார். உடன் வந்த மனைவியும் அதே விமானத்தில். அமெரிக்காவில் இருந்த அவர்களின் மகன் ராபர்ட்டுக்கு அப்போது மூன்று வயது. பின்னாளில் அவர் சிகாகோவில் பேர்பெற்ற இயற்பியல் பேராசிரியர் ஆனார்.

இந்த வால்ட் யார் தெரியுமா? இரண்டாம் உலகப் போரில், விமானங்கள் விழாமல் இருக்கக் கணக்குப் போட்டுக் கொடுத்தவர்!

குண்டு போட்டுவிட்டுத் திரும்பிய விமானங்களைப் பார்த்தால் இறக்கையிலும் உடம்பிலும் சல்லடையாக ஓட்டைகள். இன்ஜினில் மட்டும் குறைவு. "ஓட்டை விழுந்த இடத்தில் கனமான தகடு அடிப்போம்" என்றுதானே நீங்களும் நானும் சொல்வோம்? வால்டின் கணக்கு வேறு. 'இவை திரும்பி வந்த விமானங்கள். அப்படியானால் அங்கே அடிபட்டாலும் தாங்கும் என்றுதானே அர்த்தம்? இன்ஜினில் அடிபட்டவை வரவே இல்லை. தகடு அங்கேதான் தேவை.'

ஆபீஸ் கேன்டீனில் இதைத் தினமும் பார்க்கலாம். "காலேஜ் பக்கமே போகாதவன்தாம்ப்பா கோடீஸ்வரன் ஆகிறான்!" என்று ஒருவர் டீயை ஆற்றிக்கொண்டே சொல்வார். காலேஜுக்கும் போகாமல், கோடியையும் பார்க்காமல் இருக்கிறவர்கள் அந்தக் கேன்டீனுக்கு வருவதில்லையே!

கோவையின் விமானக் கதையும் அப்படித்தான். போர்க்காலத்தில் கடலே இல்லாத இந்த ஊரில் பிரிட்டிஷ் கடற்படை விமானப் பட்டறை வைத்திருந்தது. அதற்கு 'கருடா' என்று பெயர். சூலூரில் இன்னொன்று. சூலூர் இன்று விமானப்படைத் தளம். பீளமேட்டில் ஜெட்கள் இறங்குகின்றன. நிலைத்து நின்ற இடங்களுக்கு பஸ் இருக்கிறது, ஆட்டோ இருக்கிறது. 1950-ல் வராமல் போன அந்த டகோட்டாவைத் தேட மலைதான் ஏற வேண்டும்.

கொடநாட்டில் போட்டோ எடுத்து முடித்ததும் உடனே பஸ்ஸுக்கு ஓடாதீர்கள். திரும்பி நின்று அந்தத் தூணை ஒரு நிமிஷம் பாருங்கள். விமானம் எங்கே அடிபட்டால் திரும்பாது என்று உலகத்துக்குச் சொன்ன மனிதர், இந்த மலையிலிருந்துதான் திரும்பவில்லை.