சுருளித் தீர்த்தம்: முன்னோரை நினைந்து நீராடும் மலையடிவாரம்

தேனியிலிருந்து குமுளி நோக்கிச் செல்லும் சாலையின் இருமருங்கும் பசுமை சூழ்ந்தது. மேற்கே கேரள எல்லை மலைகளும் கிழக்கே மேகமலைத் தொடரும் அரண்போல் நிற்க, இடையே நெல்வயலும் தென்னந்தோப்பும் திராட்சைப் பந்தலுமாக விரிந்து கிடக்கிறது கம்பம் பள்ளத்தாக்கு. 2023-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை விளையும் மண் இது. கம்பத்திலிருந்து கிழக்கே திரும்பி, சுருளிப்பட்டியின் திராட்சைத் தோட்டங்களைக் கடந்து சுமார் பத்து கிலோமீட்டர் சென்றால், மேகமலையின் அடிவாரத்தில் அருவியின் ஓசை கேட்கத் தொடங்கும். அதுவே சுருளித் தீர்த்தம்.

சுற்றுலா வருவோருக்கு இது அருவி; பக்தர்களுக்கு இது தீர்த்தம். ஆடி அமாவாசை, மகாளய அமாவாசை, தை அமாவாசை ஆகிய நாள்களில் பொழுது புலருமுன்பே சுற்றுவட்டார ஊர்களிலிருந்து குடும்பம் குடும்பமாக மக்கள் இங்கு வந்து சேர்கிறார்கள். முதியவர் ஒருவர் எள்ளும் தர்ப்பையும் கையில் ஏந்தி ஆற்றங்கரையில் அமர்ந்திருக்க, மகன் அவருக்குக் குடத்தில் நீர் முகந்து தருவதையும், பேரப்பிள்ளைகள் குளிர் தாங்காமல் கூச்சலிட்டபடி அருவியின் ஓரத்தில் நனைவதையும் அந்நாள்களில் காணலாம். ஒரே நீர், மூன்று தலைமுறைக்கும் மூன்று விதமாகப் பயன்படுகிறது.

பூதநாராயணரும் வேலப்பரும்

அடிவாரத்தில் அருள்புரிபவர் பூதநாராயணர். இராவணனால் துன்புற்ற தேவர்கள் இம்மலையில் அடைக்கலம் புகுந்தனர் என்றும், அவர்களைக் காக்கத் திருமால் பூத வடிவம் கொண்டு எழுந்தருளினார் என்றும் தல வரலாறு கூறுகிறது. மலையில் சுருளி வேலப்பராக முருகப்பெருமானும், குகைக் கோயிலில் கைலாசநாதரும் வீற்றிருக்கின்றனர். திருமால், சிவபெருமான், முருகன் ஆகிய மூவரையும் ஒரே மலையில் வணங்கும் பேறு இங்கு வாய்க்கிறது. தீர்த்தமாடி, முன்னோர்க்கு எள்ளும் நீரும் இறைத்து, பின்னர் பூதநாராயணரையும் வேலப்பரையும் தரிசித்துத் திரும்புவது பலரின் வழக்கம்.

இத்தலத்தில் தேவர்களை வருத்தியவனாகப் பேசப்படும் அதே இராவணன், கடல் கடந்த ஈழத்தில் வேறொரு தீர்த்தத்தில் தாய்க்குக் கடன் செய்த மகனாக நினைக்கப்படுகிறான். திருகோணமலைக்கு அருகே உள்ள கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் உள்ளன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு வெப்பம் கொண்டது. தாய் இறந்ததை அறிந்த இராவணன், அவளுக்கு ஈமக்கடன் செய்யத் தன் வாளால் நிலத்தில் குத்திய இடங்களில் இவ்வூற்றுகள் தோன்றின என்பது அங்குள்ள ஐதீகம். மூழ்கிக் குளிக்கும் அளவுக்கு அவை பெரியவை அல்ல. வாளியால் மொண்டு தலையில் ஊற்றிக்கொள்கிறார்கள். வடக்கே பத்ரிநாத்தில், பனி சூழ்ந்த சந்நிதிக்குச் செல்லுமுன் பக்தர்கள் தப்த குண்டம் என்னும் வெந்நீர்த் தீர்த்தத்தில் நீராடுகிறார்கள். பத்ரியில் நீர் கொதிக்கிறது; சுருளியில் எலும்பு வரை குளிர்கிறது. எனினும் இறைவனைக் காணுமுன்னும் முன்னோரை நினைக்குமுன்னும் நீரைத் தொட வேண்டும் என்ற நியதி ஒன்றுதான்.

முதியோர்க்கு ஏழு வழிகள்

இங்கு வரும் முதியோர் பலருக்கும் ஒரு மனக்குறை உண்டு. முழங்கால் வலியும் இதய நோயும் உடையவர்கள் அருவியின் கீழ் நிற்க இயலாது. வழுக்கும் பாறைகளில் கால் வைக்கவும் பிள்ளைகள் விடுவதில்லை. இவ்வளவு தூரம் வந்தும் தீர்த்தமாடவில்லையே என்று கரையில் அமர்ந்து வருந்துகிறார்கள்.

அவ்வாறு வருந்த வேண்டியதில்லை. சாஸ்திரங்கள் ஸ்நானத்தை ஏழு வகையாகச் சொல்கின்றன. நீரில் மூழ்குவது வாருணம். அது அவற்றுள் ஒன்று மட்டுமே. மந்திரம் சொல்லித் தலையில் நீர் தெளித்துக்கொள்வது மாந்த்ரம். திருநீறு பூசிக்கொள்வது ஆக்னேயம். தூய மண்ணை உடலில் பூசுவது பௌமம். பசுக்களின் குளம்பு கிளப்பும் தூசி மேலே படுவது வாயவ்யம். வெயில் காயும்போது பெய்யும் மழையில் நனைவது திவ்யம். இறைவனை உள்ளத்தில் தியானிப்பது மானஸம். உடல் இடங்கொடாதவர்க்கென்றே பெரியோர்கள் இவ்வழிகளை வகுத்து வைத்தார்கள். மகன் கொண்டுவந்த செம்பு நீரைத் தலையில் மும்முறை தெளித்து, வேலப்பரின் திருநீற்றை நெற்றியில் இட்டுக்கொண்டு, நாராயண நாமத்தைச் சொன்ன முதியவர் மூன்று ஸ்நானங்களைச் செய்தவர் ஆகிறார். அருவியின் கீழ் நின்ற பேரன் செய்தது ஒன்றே ஒன்று!

குளிக்கும் உடல்நிலை உடையவர்களும் நேரே தலையை அருவியில் நீட்டலாகாது. முதலில் பாதம், பிறகு முழங்கால், கை, முகம் என்று படிப்படியாக நனைத்து உடலைக் குளிர்ச்சிக்குப் பழக்கிய பின்னரே தலையில் நீர் விட வேண்டும். உண்டவுடன் குளிப்பதும், துணையின்றித் தனியே இறங்குவதும் தவிர்க்க வேண்டியவை.

நீருக்குச் செய்யும் மரியாதை

பரிகாரம் என்று எண்ணி உடுத்திய துணியை ஆற்றிலேயே விட்டுவிடும் பழக்கம் இன்று பல தீர்த்தங்களில் பரவியுள்ளது. எண்ணெய், சோப்பு, ஷாம்பு உறைகள், நெகிழிப் பைகள் ஆகியவையும் நீரில் சேர்கின்றன. தைத்திரீய ஆரண்யகத்தின் அருண ப்ரச்னம், நீரில் உமிழ்வதையே விலக்குகிறது. எச்சிலையே ஏற்காத நீரில் பழந்துணியை விடுவது எவ்வாறு புண்ணியமாகும்?

இந்த நீர் செல்லும் வழியை எண்ணிப் பார்த்தால் அதன் அருமை விளங்கும். சுருளியாறு, முல்லை ஆற்றோடு கலந்து வைகையை அடைகிறது. 1895-இல் திறக்கப்பட்ட பெரியாறு அணையின் நீரும் இப்பள்ளத்தாக்கின் வழியாகவே வருகிறது. அதனால் இங்கு இருபோகமாக விளையும் நெல்வயல் 14,707 ஏக்கர். அப்பால் வைகை அணையில் தேங்கி, சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் மதுரையில் இறங்கும் ஆற்றுக்கும் அங்கிருந்தே நீர் திறந்துவிடப்படுகிறது. சுருளியில் ஒரு குடும்பம் விட்டுச் செல்லும் அழுக்கு, அழகர் இறங்கும் ஆற்றை நோக்கித்தான் போகிறது. இதைப் பேரப்பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லப் பாட்டனையும் பாட்டியையும் விடத் தகுதியானவர் யார்? நனைந்த துணியைப் பிழிந்து பையில் வைத்து வீட்டுக்கு எடுத்துச் செல்வதை அவர்கள் கண்ணால் கண்டால் போதும்; உபதேசம் வேண்டாம்.

அருவி மூடியிருந்தால்

சுருளி, 2021-இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகத்தைச் சார்ந்த வனப்பகுதி. மலையில் பெருமழை பெய்து வெள்ளம் பெருகும்போதும், யானைகள் நடமாடும்போதும் வனத்துறையினர் அருவிக்குச் செல்லத் தடை விதிப்பார்கள். அந்நாளில் வாதாடுவதும் குறுக்கு வழியில் நுழைவதும் உயிருக்கே ஆபத்தாக முடியும். யானை நீர் அருந்த வரும் நேரத்தில் மனிதர் விலகி நிற்பதும் தருமமே.

அவ்வாறு திரும்ப நேர்ந்தாலும் யாத்திரை வீணாவதில்லை. சுரபி நதிக்கரையில் குச்சனூர் சுயம்பு சனீஸ்வரர் அருள்கிறார். ஆடிச் சனிக்கிழமைகள் அங்கே விசேஷம். உத்தமபாளையத்தில் ஞானாம்பிகையுடன் காளாத்தீஸ்வரரும், சின்னமனூரில் பூலாநந்தீஸ்வரரும் கோயில் கொண்டுள்ளனர். தேனிக்கு அருகே முல்லை ஆற்றங்கரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் சந்நிதி உள்ளது. பார்வை இழந்த பாண்டிய மன்னனுக்கு அன்னை கண்ணொளி அருளினாள் என்பது அத்தல வரலாறு. நீரோட்டம் அடங்கியிருக்கும் நாளில் கரையோரம் அமர்ந்து செம்பால் மொண்டு குளிக்க முதியோர்க்கு முல்லை ஆறே வசதியானது.

செல்லும் வழி

மதுரையிலிருந்து தேனிக்கு 2022 முதல் மீண்டும் ரயில் ஓடுகிறது. தேனியிலிருந்து கம்பத்துக்குப் பேருந்துகள் அடிக்கடி உண்டு. கம்பத்திலிருந்து சுருளித் தீர்த்தத்துக்குப் பேருந்திலோ ஆட்டோவிலோ செல்லலாம். வனத்துறை நுழைவாயிலிலிருந்து அருவி வரை சிறிது தூரம் நடக்க வேண்டியிருப்பதால், கைத்தடியும் வழுக்காத காலணியும் அவசியம். குரங்குகள் மிகுதி; கைப்பையில் தின்பண்டம் வெளியே தெரிய வேண்டாம். அமாவாசைக் கூட்டத்தைத் தாங்க இயலாதவர்கள், அதற்கு முன்போ பின்போ ஒரு சாதாரண நாளின் காலையில், அருவி திறந்திருக்கிறதா என்று விசாரித்துப் புறப்படுவது நலம்.