சிங்கப்பூர்க் கட்டுமானத் தொழிலாளியும் முதலாளியின் ஆதரவும்

சிங்கப்பூரில் வொர்க் பெர்மிட்டில் இருக்கும் கட்டுமானத் தொழிலாளிக்கு வேலை, தங்குமிடம், மருத்துவச் செலவு எல்லாமே முதலாளி வழியாகத்தான். பெர்மிட்டை ரத்து செய்யும் உரிமையும் முதலாளிக்கு உண்டு. ஆகவே அங்கே ஒருவர் தானாக முன்வந்து ஒரு காரியத்தைச் செய்வது அவருடைய குணத்தை மட்டும் பொறுத்ததல்ல. ஏஜென்ட்டுக்குக் கட்டிய பணம் ஊரில் இன்னும் வட்டிக்கடனாக நிற்கும்போது, சாரம் ஆடுவதைப் பார்த்தும் வாய் திறக்காதவரைக் குறை சொல்வது அநியாயம்.

நிறுவனம் தன் உழைப்பை மதிக்கிறது, தன் நலனில் அக்கறை கொள்கிறது என்று தொழிலாளி நம்பும் அளவை உளவியலாளர் ராபர்ட் ஐசன்பெர்கரும் அவருடைய சகாக்களும் 1986இல் ஒரு கருத்தாக்கமாக முன்வைத்தார்கள். வெளிநாட்டில் அந்த நம்பிக்கையின் எடை இன்னும் கூடுதல். அங்கே தாங்கிப்பிடிக்க உறவினர் இல்லை.

முதலாளியின் ஆதரவு எவ்வளவு முக்கியம் என்பதற்குத் திறன் தேர்வு நல்ல உதாரணம். 2024 ஜனவரி முதல், கட்டுமானத் துறையில் அடிப்படைத் திறன் கொண்ட இந்தியத் தொழிலாளி ஒருவருக்கு முதலாளி அரசுக்குக் கட்டும் லெவி மாதம் 900 சிங்கப்பூர் வெள்ளி. உயர்திறன் பெற்றவருக்கு 500 வெள்ளி. தொழிலாளி படித்துத் தேறினால் முதலாளிக்கு மாதம் 400 வெள்ளி மிச்சம். அப்படியிருந்தும் ஞாயிற்றுக்கிழமை ஓய்வை விட்டுவிட்டு, சொந்தச் செலவில் வகுப்புக்குப் போகிறவர்கள் உண்டு. தேர்வுக் கட்டணத்தையும் படிக்க நேரத்தையும் முதலாளிகள் கொடுக்க வேண்டும். மிச்சமாகும் லெவியில் ஒரு பங்கைச் சம்பளத்திலும் சேர்க்க வேண்டும்.