பூந்தமல்லியிலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு

அன்புள்ள சுந்தரி,

சாலைக்குப் பெரியார் பெயர் வைத்த பிறகும் சென்னையில் எல்லோரும் 'பூந்தமல்லி ஹைரோடு' என்றுதான் சொல்கிறார்கள். அந்த ஹைரோட்டில் மேற்கே வந்து இறங்கியிருக்கிறேன். புழுதியும் லாரி ஹாரனும் சகிக்கவில்லை. காஞ்சிக்கும் பெங்களூருக்கும் போகிறவர்கள் பஸ் ஜன்னலோடு மறந்துவிடும் ஊர். ஒரு காலத்தில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் நோய் தேறத் தங்கிய பாளையம். 1998 ஜனவரியில் ராஜீவ் கொலை வழக்கில் 26 பேருக்கும் தூக்கு விதித்த தடா கோர்ட்டும் இங்கேதான்.

நான் வந்தது திருக்கச்சி நம்பிகளுக்காக. அவர் பிறந்த ஊர் இது. வரதராஜப் பெருமாள் கோயிலில் ரங்கநாதருக்கும் சந்நிதி இருக்கிறது. நம் பெருமாளை அங்கே பார்த்ததும் வீட்டு ஞாபகம் வந்து தொண்டை அடைத்துவிட்டது.

வாசலில் பூக்கார அக்காவிடம், "இந்த ஊர் மல்லியா?" என்று கேட்டேன். "இன்னாம்மா, இங்க தோட்டம் ஏது? எல்லாம் கோயம்பேட்லர்ந்துதான் வருது" என்றார். எனக்கு ஆறவே இல்லை. நம்பிகள் நந்தவனம் வைத்து, தொடுத்த பூவைக் காஞ்சி வரதருக்கு நடந்தே கொண்டுபோன ஊரில், பட்டணத்துச் சந்தையில் வாங்கிய பூ!

இரண்டு முழம் வாங்கிக்கொண்டு மண்டபத்தில் உட்கார்ந்துவிட்டேன். நம்பிகள், பெருமாளுக்கு ஆலவட்டம் வீசி, அவரோடு பேசவே செய்த மனிதர். உடையவர் ராமானுஜரின் சந்தேகங்களுக்கு இவர் வாய் வழியாகத்தான் வரதர் ஆறு வார்த்தை சொன்னார். ஆனாலும் வைசியர். உடையவர் வீட்டில் அவர் சாப்பிட்டுப் போன இடத்தை உடையவரின் மனைவி தஞ்சமாம்பாள் கழுவிவிட்டு, குளித்து மறுபடி சமைத்த கதையை உன் பாட்டி எத்தனை தடவை சொல்லியிருப்பார்! ஒவ்வொரு தடவையும், நம்பிகள் உண்ட மிச்சத்தைச் சேஷமாக உண்ண ஆசைப்பட்டும் கிடைக்காத உடையவருக்காகத்தான் நாம் வருத்தப்பட்டோம். இலையில் உட்கார்ந்து சாப்பிட்டவரைப் பற்றி ஒருத்தராவது கேட்டோமா? தான் எழுந்ததும் அந்த இடம் கழுவப்படும் என்று அவருக்குத் தெரிந்திருக்காதா? தெரிந்தும் கூப்பிட்ட மரியாதைக்காக வந்து, சாப்பிட்டுவிட்டு விசிறப் போய்விட்டார். அவர் ஊரில் உட்கார்ந்து நினைக்கும்போது, இது அவருடைய கதை என்றே படுகிறது. நாம்தான் இத்தனை நாளாக அதை வேறொருவர் கதையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

நாளைக்குத் திருமழிசை. பக்கம்தான், ஆழ்வார் ஊர். மாசி மிருகசீரிஷத்தில் நம்பிகளுக்குத் திருநட்சத்திரம். அப்போது நீயும் கிளம்பி வா. ராத்திரி ரயிலில் வந்தால் நம் ஊர்ப் பூ வாடாமல் வந்து சேரும்.

அன்புடன்,
வைதேகி