127ஐச் சோதிக்கக் கற்றேன்

பெரிய பகா எண்களைக் கையால் சோதிக்கக் கற்றுத்தரும்படி கேட்டுத்தான், நீலகிரியின் எமரால்டில் ஓய்வுக்காலத்தைக் கழிக்கும் கணக்கு வாத்தியார் ஒருவரிடம் போனேன். முதல் வேலையாக அவர் தந்தது சின்னக் கணக்கு. 1 முதல் 14 வரை பெருக்கி, 1 கூட்டினால் 23ஆல் வகுபடுமா?

பெருக்கினேன். 8,717 கோடியைத் தாண்டியது. அதை 23ஆல் வகுக்கையில் நடுவில் எங்கோ ஓர் இலக்கம் பிசகும். ஒவ்வொரு முறையும் வேறு விடை. அணைப்பக்கக் குளிர்காற்றில் விரல் மரத்து, 1க்கும் 7க்கும் வேறுபாடு தெரியாத கையெழுத்து வேறு. சார் தாளை வாங்கி முழுவதையும் ஒரே கோடாக அடித்தார். "பெருக்கி முடிச்சுட்டு வகுக்காதே தம்பி. பெருக்கப் பெருக்கவே 23ஐக் கழிச்சுக்கிட்டு வா. மீதி மட்டும் போதும்."

1, 2, 6, அடுத்து 24. 23 போக 1. அந்த 1ஐப் பார்த்ததும் கை லேசானது. 14 வரை போனபின் மிஞ்சியது 22. 1 கூட்டினால் 23. வகுபட்டுவிட்டது! ஆனால் 23ஐ 14ஆல் வகுத்தால் மீதி 1 அல்ல, 9. இந்த இரண்டும் பொருந்தும் பகா எண்களுக்குப் 'பிள்ளை பகா எண்கள்' என்று பெயர். அவற்றில் மிகச் சிறியது 23. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கணிதவியலாளர் எஸ்.எஸ். பிள்ளையின் பெயர் அது. 1950 ஆகஸ்டில், அமெரிக்கா போகும் வழியில், கெய்ரோ அருகே விமான விபத்தில் இறந்தார். அவரைப் பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும் என்பார் சார். எனக்கும் அதே எண்ணம்தான்.

பிறகு, 2இன் அடுக்கில் 1 குறைவான எண்களுக்கான லூகாஸ்–லெமர் சோதனை. 4இல் தொடங்கு, வர்க்கம் எடு, 2ஐக் கழி, 127ஆல் வகுத்த மீதியை வை. ஐந்தாம் படியில் 0 வந்தால் 127 பகா எண். 14, 67, 42, 111 வரை வந்து, 12,319ஐ வகுக்கத் திணறினேன். "128ஆல் வகு. ஈவையும் மீதியையும் கூட்டு" என்றார். ஈவு 96, மீதி 31. கூட்டினால் 127, அதாவது 0! 128ஐ 127ஆல் வகுத்தால் 1தானே மிஞ்சும். அதனால்தான் ஈவை அப்படியே கூட்டிக்கொள்ள முடிகிறது.

அடுத்துச் சோதித்த 2,047தான் என்னை வாட்டியது. ஒன்பதாம் படியில் 0 வராமல் 1,736 வந்தது. என் கணக்கில்தான் பிழை என்று திரும்பத் திரும்பப் போட்டேன்; அதே 1,736. சார் சொன்னார்: "சரியாத்தான் போட்டிருக்கே. அது பகா எண் இல்லை, அவ்வளவுதான்." 2,047 என்பது 23 பெருக்கல் 89. எதனால் வகுபடும் என்பதை இந்தச் சோதனை சொல்லாது. அதை ஏற்க எனக்கு நாளாயிற்று.

2024 அக்டோபரில் உறுதியான, அதுவரை அறிந்தவற்றுள் மிகப்பெரிய பகா எண்ணுக்கு 4 கோடியே 10 லட்சத்து 24 ஆயிரத்து 320 இலக்கங்கள். 2இன் 13,62,79,841ஆம் அடுக்கில் 1 குறைவு. கணினி அதை உறுதிசெய்ததும் இதே சோதனையால்தான். ஒரு தாளை எடுத்து 31ஐச் சோதித்துப் பாருங்கள். மூன்றே படி.