மயில் கழுத்தும் கறுப்புத் திரையும்

பெரணமல்லூரில் எங்க அப்பா பட்டுச்சேலைக்கு டிசைன் போடுறவர். கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமா வரைஞ்சு கொடுத்தால்தான் ஜக்கார்டு தறிக்கு அட்டை குத்த முடியும். 2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கு வழக்கமான சப்போர்ட் முடிந்தது. எங்க பழைய பெட்டியில் 11 ஏறாது. ‘லினக்ஸ் போட்டுடலாம்ப்பா’ன்னு வீறாப்பா சொன்னேன். இன்ஜினீயரிங் படிக்கிறோமில்ல!

ஹாஸ்டலில் எல்லோரும் கொண்டாடிய ஒரு லினக்ஸைப் போட்டு, என்விடியாவின் லேட்டஸ்ட் டிரைவரையும் ஏற்றினேன். ரீஸ்டார்ட் பண்ணினால்... கறுப்புத் திரை!

‘‘இன்னாடா, பொட்டி பூட்ச்சா? திங்கக்கெழம அட்டை குத்தக் குடுக்கணுமே!’’

வயிற்றைக் கலக்கியது. நண்பன் பென் டிரைவில் லினக்ஸ் மின்ட் கொடுத்தான். இன்ஸ்டால் பண்ணாமல் அதிலிருந்தே ஓட்டி, எல்.எஸ்.பி.சி.ஐ. கட்டளை கொடுத்தேன். அப்போதான் என் முட்டாள்தனம் புரிந்தது. எங்க கார்டு ஜி.டி. 730. இந்தப் பேரில் ஃபெர்மி சிப்பும் உண்டு, கெப்ளர் சிப்பும் உண்டு. எங்களுடையது கெப்ளர். அதற்கு என்விடியாவின் 470 வரிசைதான் கடைசி. அதுவும் 2024-ல் முடிஞ்சாச்சு. 2022-ல் அவங்க ஓப்பன் சோர்ஸாக வெளியிட்ட மாட்யூல்களும் டூரிங்குக்கு முந்தைய கார்டுகளுக்குக் கிடையாது. வால்பேப்பரைப் பார்த்து லினக்ஸ் பிடிக்கிற நான் இதையெல்லாம் எங்கே பார்த்தேன்?

ஆனா, கெர்னலோடவே வருகிற ‘நூவோ’ டிரைவரில் திரை பளிச்னு இருந்தது. கேம் ஆட இது பத்தாது. அப்பாவுக்கு கேம் எதுக்கு? டி டிரைவில் டிசைன் பத்திரமா இருந்தது.

அப்பா பார்டரைப் பெரிசாக்கிப் பார்த்தார். ‘‘மயிலு கழுத்துல ஒரு கட்டம் தப்பாக்கீதுடா.’’