ஆம்ப் போடுறதுக்கு முன்னாடி

கார் ஸ்டீரியோ வாங்கினால் அட்டைப்பெட்டியின் மேல் "50 வாட்ஸ் x 4" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். சங்கரன்கோவிலில் ராஜபாளையம் போகிற சாலையில், சீட் கவர் தைப்பதும் கார் செட் மாட்டுவதுமாக இருக்கிற ஒரு கடையில் அந்த எழுத்தை யாராவது சுட்டிக்காட்டினால், ஃபிட்டர் அண்ணாச்சி மறுத்துப் பேசுவதில்லை. "ஆமா, போட்டிருக்கான்" என்பார். வண்டியை ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் பேட்டரியில் வைப்பார். 14.2 காட்டும். ஆக்சிலேட்டரை மிதித்தால் 14.4. அதோடு சரி.

"இவ்வளவுதான் நமக்கு வருமானம். இதுக்குள்ளதான் செலவு பண்ண முடியும்."

கணக்கும் அதைத்தான் சொல்கிறது. 14.4 வோல்ட்டை 4 ஓம் ஸ்பீக்கரில் முழுசாகப் பாய்ச்சினால் 52 வாட் வரும். அட்டையில் இருக்கிற 50 பிறப்பது அங்கேதான். ஆனால் முழு வோல்ட்டிலேயே இப்படியும் அப்படியும் மாறி மாறி நிற்கிற அலை சதுர அலை. அது காதைக் கிழிக்கும் இரைச்சல், பாட்டு அல்ல. ஒழுங்கான அலைக்குச் சரிபாதி, 26 வாட்டுக்கு மேல் வழியில்லை. செட்டுக்குள் இருக்கிற ஐசியும் தன் பங்குக்குக் கொஞ்சம் வோல்ட்டை விழுங்கும். கார் செட்டுகளில் வெகுகாலம் ஓடிய டிடிஏ 7388 என்ற ஐசியின் விவரத்தாளே, ஒரு சேனலுக்கு ஏறத்தாழ 25 வாட் என்று சொல்லிவிட்டு, அதுவும் 10 சதவீதம் ஒலி சிதையும்போது என்கிறது. சிதையாமல் கிடைப்பது 18, 20 வாட்தான்.

தனி ஆம்ப்ளிஃபயர் இந்தக் கூரையைத்தான் உடைக்கிறது. அதற்குள் இருக்கும் சப்ளை, 12 வோல்ட்டை முதலில் மேலே ஏற்றி, பிளஸ் 25 மைனஸ் 25 என்பதுபோல் இரண்டு பக்கமும் விரித்துக்கொள்கிறது. அதனால்தான் ஒரு சேனலுக்கு 60 வாட் நிஜமாகவே கொடுக்க முடிகிறது. அப்படியென்றால் எல்லோரும் ஆம்ப் போட்டுவிட வேண்டியதுதானே? இந்த முடிவை ஒரு நல்ல ஃபிட்டர் எப்படி எடுக்கிறார் என்று பார்க்கத்தான் அந்தக் கடையில் போய் உட்கார்ந்தேன்.

காலையில் வந்தது ஒரு சின்ன கார். ஓட்டி வந்தவர் விசைத்தறி வைத்திருப்பவர். கூடவே கல்லூரியில் படிக்கிற மகள். "பாட்டு தெளிவா இல்ல அண்ணாச்சி. ட்ரெபிளே வரல. ஆம்ப் போட்டா சரியாயிரும்னு சொல்லுதாங்க, போட்டு விடுங்க."

ஃபிட்டர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஓட்டுநர் சீட்டில் ஏறி, நான்கு கண்ணாடிகளையும் ஏற்றிவிட்டு, மிகக் குறைந்த சத்தத்தில் ஒரு இளையராஜா பாட்டை ஓடவிட்டார். சத்தமாக வைத்தால் எல்லா செட்டும் நன்றாக இருப்பதுபோல் தெரியும், குறைத்து வைத்தால்தான் எது வரவில்லை என்று பிடிபடும் என்பது அவர் கணக்கு. பிறகு அந்தப் பெண்ணை உட்காரச் சொன்னார். அவள் கேட்டுவிட்டு, "சத்தம் போதும் அங்கிள். ஆனா கீழ ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கு" என்றாள். அப்பா உட்கார்ந்து சத்தத்தை ஏற்றினார். ஏற்றிக்கொண்டே போனார். மகள் காதைப் பொத்திக்கொண்டாள். ஃபிட்டர் அதைப் பார்த்தார். அப்போதைக்கு ஒன்றும் சொல்லவில்லை.

"ஏல தம்பி, கதவைக் கழத்து."

கதவின் உள்பக்கப் பேடைக் கழற்றுவது எளிது என்று நினைக்கிறோம். இரண்டு ஸ்குரூ, பிறகு ஓரத்தில் வரிசையாகப் பிளாஸ்டிக் கிளிப்புகள். ஒவ்வொன்றும் "டக்" என்று விட வேண்டும், உடையக் கூடாது. ஒரு கிளிப் உடைந்தாலும் பிறகு வாழ்நாள் முழுக்க அந்தக் கதவு கடகடக்கும். அந்தப் பையன் பிளாஸ்டிக் நெம்பியை விட்டு, இடது கையால் பேடைத் தாங்கிக்கொண்டே ஒவ்வொன்றாக விடுவித்தான். உள்ளே மழைத்தண்ணீர் இறங்காமல் ஒட்டியிருக்கும் ஷீட் பாதி கிழிந்து தொங்கியது. ஃபிட்டர் வெளித் தகட்டை விரலால் தட்டினார். "டங்" என்றது. ஸ்பீக்கர் கோன் முன்னால் தள்ளும் காற்று ஒரு பக்கம் என்றால், பின்னால் தள்ளும் காற்று இன்னொரு பக்கம். கதவில் ஓட்டை இருந்தால் பின்காற்று முன்னால் வந்து கலந்து, தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போகும். அதோடு தகடும் தன் இஷ்டத்துக்கு அதிரும். இதற்கு மேல் 60 வாட் ஆம்பைக் கொடுத்தால் தகடுதான் சத்தமாகப் பாடும்.

பின்கதவு ஸ்பீக்கரின் ஒயரைக் கழற்றி, ஒரு பேனா பேட்டரியை இரண்டு முனையிலும் தொட்டார். பிளஸ்ஸில் பிளஸ் பட்டால் கோன் வெளியே குதிக்க வேண்டும். குதித்தது. அடுத்த கதவில் அதே நிறத்து ஒயரில் தொட்டபோது கோன் உள்ளே போனது. எப்போதோ யாரோ வண்டியைத் திறந்தபோது ஒயரை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கிறது. மகள் சொன்ன "கீழ ஒண்ணுமே இல்ல" என்பதற்குப் பாதிக் காரணம் அங்கேயே கிடைத்துவிட்டது.

ஸ்பிரிட் துணியால் தகட்டைத் துடைத்து, அலுமினியத் தாள் முகம் கொண்ட பியூட்டைல் ஷீட்டை வெட்டி ஒட்டி, சின்ன உருளையால் அழுத்தி அழுத்தித் தேய்த்தார்கள். கதவின் அடியில் தண்ணீர் வடியும் துளைகளை மட்டும் விட்டுவிட்டார்கள். அதை அடைத்தால் மழைக்காலத்தில் கதவு உள்ளிருந்தே துருப்பிடிக்கும். ஒட்டி முடித்துத் தட்டியபோது "டொப்" என்றது. ஓட்டைகளை மூடி, மாறியிருந்த ஒயரைச் சரிசெய்து, பேடை மாட்டி, பழைய ஸ்பீக்கரையே வைத்து அதே பாட்டைப் போட்டார்கள். பேஸ் கிட்டார் தனியாக நடந்து போவது கேட்டது. அந்தக் கிட்டாரின் கடைசித் தந்தி 41 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். ஆறரை இன்ச் கதவு ஸ்பீக்கர் அவ்வளவு ஆழம் போகாது. ஆனால் போகக்கூடியது அத்தனையும் இப்போது வந்தது.

அப்பாவுக்கு பேஸ் பிடித்திருந்தது. ஆனாலும், "ட்ரெபிள் மட்டும் இன்னும் காணும்" என்றார். ஃபிட்டர் அவரைக் கொஞ்சம் தள்ளி, தையல் மிஷின் பக்கம் அழைத்துப்போய்ப் பேசினார். தறிக்கொட்டகைக்குள் எத்தனை வருசம், கூட்டத்தில் பேச்சு சரியாக விழுதா, போனில் பெண்கள் குரல் புரியுதா. முப்பது வருசத்துக்கும் மேல் தறிகளுக்கு நடுவே நின்றவர் அவர். விசைத்தறிக் கூடத்தின் இரைச்சல் 90 டெசிபலை எளிதில் தாண்டும். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் என்பதே பாதுகாப்பின் எல்லை என்று அமெரிக்காவின் தொழில் சுகாதார ஆய்வு நிறுவனம் வகுத்திருக்கிறது. மேலே ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரத்தைப் பாதியாக்கச் சொல்கிறது. இரைச்சலில் கெடும் காது முதலில் இழப்பது 4000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியை. சலங்கையும் தாளமும் பேச்சில் 'ச'வும் மின்னுகிற இடம் அது. அப்பா கேட்கிற ட்ரெபிள் ஸ்பீக்கரிலிருந்து வந்துகொண்டுதான் இருக்கிறது.

"ஆம்ப் போட்டு அதை ஏத்தினா, உங்களுக்குக் கேக்கும். ஆனா மிச்சம் இருக்கதும் போயிரும் அண்ணாச்சி. பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரில ஒரு தடவை காதைக் காட்டிருங்க" என்றார். இதைச் சொல்லும்போது அவர் குரல் தாழ்ந்திருந்தது. மகளின் காதில் விழாதபடி நின்றுகொண்டார். ஒரு ஆம்ப் விற்றால் கடைக்கு வருகிற லாபம் எனக்குத் தெரியும். சாமானை விற்பதைவிட வேண்டாமென்று சொல்லும் அறிவைத்தான் நான் தொழில்நுட்பம் என்பேன். தறி நகரம் ஒன்றில் கார் செட் மாட்டுகிற மனிதருக்குக் காது பற்றித் தெரிந்திருப்பதை, தறிக்கொட்டகைக்குக் காதடைப்பான் வாங்கிக் கொடுக்க வேண்டியவர்கள் தெரிந்துகொள்ளவில்லை.

ஃபிட்டர் இந்தக் காதைச் சம்பாதித்தது மைக்செட் கடையில். பள்ளிக்கூடம் விட்டதும் ஆம்ப்ளிஃபயர் பெட்டி தூக்கப் போனவர், ஆடித் தபசுக்கும் ஊர்க் கொடைகளுக்கும் குழாய் கட்டி, எரிந்துபோன யூனிட்டின் காயிலைப் பிரித்துச் சுற்றப் படித்து, கேசட் டெக் வந்த காலத்தில் கார் பக்கம் நகர்ந்திருக்கிறார். பக்கத்தில் நிற்கும் பையன் படித்தது ஐடிஐயிலும் யூடியூபிலும். இருவருக்கும் நடுவில் நல்ல வாக்குவாதம் நடக்கும். பையனுக்கு ஆப்பில் அளந்த கோடு வேண்டும்; அண்ணாச்சிக்குத் தவில் சத்தம் தவில் மாதிரி இருக்க வேண்டும்.

மத்தியானத்துக்கு மேல் ஒரு டூரிஸ்ட் வேன் வந்தது. குற்றால சீசனுக்கு ஆள் ஏற்றுகிற வண்டி. இதற்கு ஃபிட்டர் ஐந்து நிமிடத்தில் முடிவு சொன்னார்: "இதுக்கு வேணும்."

காரணம் இதுதான். பாட்டில் அடி விழும் நொடியில், சராசரியைப்போல் பத்து மடங்கு சக்தி தேவைப்படும். 20 வாட் செட்டில் சராசரி 2 வாட் வரை வைத்தால் அடி சுத்தமாக விழும். கண்ணாடி ஏற்றிய சின்ன காருக்கு அந்த 2 வாட் தாராளம். வேனில் இன்ஜின் சத்தம், திறந்த ஜன்னல் காற்று, பின்சீட்டுப் பேச்சு எல்லாவற்றையும் மீற வேண்டும். ஓட்டுநர் வால்யூமைத் திருகுவார், செட்டின் கூரையில் தலை இடிக்கும், அலையின் உச்சி வெட்டுப்படும், காயில் சூடேறும். 60 வாட் இருந்தால் அதே பாட்டை 6 வாட் சராசரியில் சுத்தமாக ஓட்டலாம். கூடுவது சுமார் 5 டெசிபல்தான். இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்றவே 10 டெசிபல் வேண்டும். வாட் மூன்று மடங்கானால் சத்தம் மூன்று மடங்காகும் என்று நினைத்து ஆம்ப் வாங்குகிறவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்.

வேன்காரர் ஆம்பையும் ஒயர் கிட்டையும் ஆன்லைனில் வாங்கி வந்திருந்தார். ஃபிட்டர் கிட்டைப் பிரித்து, தடித்த சிவப்பு ஒயரின் ஒரு இழையை பிளேடால் சுரண்டி வெளிச்சத்தில் காட்டினார். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சு. அலுமினியம் கடத்துவது செம்பில் 61 சதவீதம்தான்; அதே தடிமனில் அதே ஆம்பியரை விட்டால் கூடுதலாகச் சூடாகும். வேன்காரர் புது ஒயருக்குப் பணம் கொடுக்கத் தயங்கினார். "ஆம்ப் சின்னதா வாங்கிக்கிடலாம், ஒயர் சின்னதா வாங்கக்கூடாது" என்றார் ஃபிட்டர். கடைசியில் செம்பு ஒயர்தான் போனது.

பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஃப்யூஸ். இந்த இடத்தில் அவர் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. ஃப்யூஸ் ஆம்புக்காக அல்ல, ஒயருக்காக. ஃப்யூஸுக்கு முன்னால் எங்காவது ஒயர் தேய்ந்து பாடியில் பட்டால், அந்த நீளம் முழுக்கத் தீயாகும். இன்ஜின் பக்கத் தகட்டைத் துளைத்து வரும் இடத்தில் ரப்பர் வளையம். பவர் ஒயர் ஒரு பக்கம், சிக்னல் ஒயர் எதிர்ப்பக்கம். சேர்த்துக் கட்டினால் ரேஸ் பண்ணும்போதெல்லாம் "கொய்ங்" என்று ஆல்டர்னேட்டர் பாடும். எர்த் அடிக்கிற இடத்தில்தான் அந்தப் பையன் வெகுநேரம் செலவழித்தான். சீட்டுக்கு அடியில் பெயிண்டைச் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்து, தகடு பளபளவென்று தெரிந்த பிறகும் ஃபிட்டர் விரலால் தடவிப் பார்த்து, "இன்னும்" என்றார். போல்ட் ஏற்றி, மேலே துரு பிடிக்காமல் பெயிண்ட் அடித்தார்கள். வண்டிக்காரர் இதை ஒருநாளும் பார்க்கப்போவதில்லை. பில்லிலும் இதற்குத் தனி வரி கிடையாது. "ஃபிட்டிங் சார்ஜ்" என்று கடைசியில் ஒன்று இருக்கும், பேரம் நடப்பதும் அந்த வரியில்தான். எனக்கு அதில் வருத்தம் உண்டு. பொருளின் விலையை நாம் கேள்வி கேட்பதில்லை, கையின் விலையைக் கேட்கிறோம்.

கெயின் திருகை வால்யூம் என்று நினைத்துக் கடைசிவரை திருகிவிடுகிறவர்கள் உண்டு. இவர் ஸ்பீக்கர் ஒயர்களைக் கழற்றிவிட்டு, ஃபில்டரை "ஃபுல்"லில் வைத்து, செட்டின் வால்யூமை முக்கால் பங்கு ஏற்றி, 50 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்றை ஓடவிட்டார். வீட்டுக் கரண்டின் அதிர்வும் அதே 50 என்பதால் சாதாரண மல்டிமீட்டரும் அங்கே சரியாகக் காட்டும். 60 வாட், 4 ஓம் என்றால் 15.5 வோல்ட் வர வேண்டும். பையன் மீட்டரைப் பிடிக்க, அவர் சின்ன ஸ்குரூடிரைவரால் மயிரிழை மயிரிழையாகத் திருகினார். 15.5 வந்ததும் நிறுத்தி, ஃபில்டரை 80 ஹெர்ட்ஸுக்குக் கொண்டுவந்து, ஸ்பீக்கர்களை மாட்டினார். கதவு ஸ்பீக்கருக்கு முடியாத ஆழத்தை அதன் தலையில் கட்டாமல் இருப்பதற்கு அந்த 80.

இப்போது வருகிற புது கார்கள் பலவற்றில் ஸ்டீரியோ தனிப் பெட்டியாக இல்லை. ஏசியும் ரிவர்ஸ் கேமராவும் பாட்டும் ஒரே திரைக்குள். கழற்றி மாற்ற முடியாது. ஒயரை வெட்டினால் வாரண்டியில் சிக்கல். ஸ்பீக்கருக்குப் போகிற சிக்னலையே கப்ளர் போட்டு எடுத்து, ஹை லெவல் இன்புட் இருக்கிற ஆம்புக்குக் கொடுக்கப் பையன் கற்றுக்கொண்டுவிட்டான். அதில் அண்ணாச்சி அவனிடம் கேட்டுக் கேட்டுச் செய்கிறார், கூச்சப்படாமல்.

வேனில் பாட்டு ஓடியது. ஃபிட்டர் ஜன்னல்களைத் திறந்துவிட்டு, இன்ஜினை ஓடவிட்டு, கடைசி சீட்டில் போய் உட்கார்ந்து ஒரு முழுப் பாட்டையும் கேட்டார். இறங்கி வந்து, வலது பின் ஸ்பீக்கரைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னார். வேன்காரர் பணத்தை எண்ணிக் கொடுத்தார்.

"ஒரு வாரம் ஓட்டிட்டு வாங்க. அதிர்வுல பேட்டரி நட்டும் எர்த் போல்ட்டும் கொஞ்சம் இளகும், ஒரு தடவை இறுக்கித் தாரேன். அதுக்குக் காசு வேண்டாம்."

"சீசன்ல எங்க அண்ணாச்சி நேரம்?"

"ராத்திரி ஆனாலும் வாங்க. பையன் இருப்பான்."